நீர்நிலைப் பாதுகாப்புச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு, வழக்கம்போல், அறிக்கையின் படி அனுப்பி வைக்கப்படும்.

இவ்வாண்டு செயற்குழு 6 முறை கூட்டப்பட்டது. அவற்றுள் 2 கூட்டங்கள் போதிய உறுப்பினர் வராமையால் ஒத்திவைக்கப்பட்டன. கரைத் துப்புரவுப் பணி 4 முறை நடைபெற்றது. மாணவர் கட்டுரைப் போட்டியும் நடந்தேறியது.

சென்ற பொதுக்குழுவில் என் பொறுப்பில் விடப்பட்ட மீன் குடல் ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது, “குப்பை பொறுக்கும் சங்கத்துக்கு மீன் குடலில் என்ன வேலை?” என்று கேட்ட உறுப்பினருக்கும் இதுவே என் விடை. கரையில் நாம் பொறுக்குவது கண்ணில் படும் குப்பையை மட்டுமே. பைகளும் புட்டிகளும் வெயிலில் நைந்து உதிரும் துணுக்குகள், செயற்கை இழைத் துணிகளைத் துவைக்கையில் கழலும் நூல்கள், வண்டிச் சக்கரங்களின் தேய்மானம் என 5 மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்நெகிழிகள் எந்தச் சாக்குப் பைக்குள்ளும் அடங்குவதில்லை. சக்கர ரப்பரில் சேர்க்கப்படும் ஒரு காப்புப் பொருள் ஓசோனுடன் வினைபுரிந்து நஞ்சாக மாறி, மழைநீரோடு ஓடைகளில் இறங்கி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் முட்டையிடத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்று வந்தது என்பதே 2020இல்தான் கண்டறியப்பட்டது.

மீனின் குடலைத் தனியே எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்துவிடும். பிளாஸ்டிக் பெரும்பாலும் கரையாமல் நிற்கும். அதை வடிதாளில் இறக்கி, இரவல் வாங்கிய நுண்ணோக்கியில் பார்த்தபோது முதல் தொகுதியிலேயே நீல இழைகள் வரிசையாகத் தென்பட்டன. பழுக்கக் காய்ச்சிய ஊசி முனை பட்டதும், பிளாஸ்டிக் சுருள்வதுபோல், அவை சுருண்டன. அன்றிரவே தலைவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அது என் அவசரம். ஒப்பீட்டுக்கென மீனே இடாமல் வைத்திருந்த வெற்றுக் கிண்ணத்திலும் அதே நீல இழைகள் கிடந்ததை மறுநாள்தான் கண்டேன். அவை நான் அணிந்திருந்த சட்டையிலிருந்து உதிர்ந்தவை. முதல் தொகுதி முழுவதையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். உதவிக்கு வருவதாக எழுதிக் கொடுத்த மூவரில் ஒருவரேனும் வந்து, கிண்ணங்களை மூடி வைத்திருந்தால் இந்த இழப்பு நேர்ந்திராது என்பதைப் பதிவு செய்கிறேன்.

பின்னர் பருத்தி மேலங்கி அணிந்து செய்த தொகுதிகளிலும் சில குடல்களில் இழைகள் இருந்தன. குடலை அகற்றிவிட்டால் அவற்றில் பெரும்பகுதி போய்விடும். முழுதாக உண்ணப்படும் சிறு மீன்களும் சிப்பிகளும் அவற்றோடேயே நம் வயிற்றுக்கு வருகின்றன. மனித உடலில் அவை விளைவிப்பது என்ன என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

பாதரசத்தின் கதை வேறு. கழுவிச் சமைத்தால் போதும் என்று கருதும் உறுப்பினர்கள் அருள்கூர்ந்து கவனிக்க வேண்டும்: மீன்களில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம் தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் குடலை அகற்றினாலும் கொதிக்க வைத்தாலும் நீங்காது. சிறியதைப் பெரியது தின்னும் ஒவ்வொரு படியிலும் அது செறிவதால் சுறாவிலும் வாள்மீனிலும் மிகுதி, மத்தி மீனில் குறைவு. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவோடு வந்த பாதரசம் வளைகுடா மீன்களின் வழியாக மக்களின் நரம்புகளைச் சிதைத்தது 1956இல் வெளிப்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் அவ்வூரின் பெயர் தாங்கிய உலக உடன்படிக்கை 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. மீன் உண்பதையே நிறுத்தச் சங்கம் சொல்கிறது என்று பரப்பப்படும் செய்தி உண்மையன்று. கருவுற்றோரும் குழந்தைகளும் பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்துச் சிறு மீன்களை உண்ணலாம் என்பதே நம் துண்டறிக்கையில் இருந்தது. அதைப் படித்தவர்களுக்கு ஐயம் எழவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே நின்றன. ரசாயனம், வடிதாள் இனங்களில் மட்டும் மதிப்பீட்டை விடச் சற்றுக் கூடியிருக்கலாம். விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். 62 உறுப்பினர்களில் 27 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. பெயர்களைக் குறிப்பிட விரும்பவில்லை. துப்புரவு நாளன்று படம் எடுத்து முடியும்வரை மட்டும் கரையில் நின்ற சிலரும் அப்பட்டியலில் உள்ளனர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், நுண்ணோக்கி தந்துதவியவர் ஆகியோருக்குச் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் நுண்ணோக்கியைத் திருப்பித் தர வேண்டும். பாதரசச் சோதனையை வீட்டு மேசையில் செய்ய இயலாது. ஆய்வகத்துக்குக் கட்டணம் செலுத்தியாக வேண்டும், அது சந்தா வருவதைப் பொறுத்தது. இப்பொறுப்பில் நான் தொடர்வதா என்பதை அவையின் முடிவுக்கே விடுகிறேன். ஆயினும், அறுக்கப்படாத 11 மீன்கள் பெயர்ச்சீட்டோடு என் வீட்டுக் குளிர்பெட்டியில் காத்திருக்கின்றன. அவற்றை எடுத்துச் செல்லவோ, வாரம் ஒரு மாலை என்னுடன் அமரவோ முன்வரும் உறுப்பினரை என்னைவிட என் வீட்டார் ஆவலோடு எதிர்பார்க்கின்றனர்.

இங்ஙனம்,
செயலாளர்