குளிர்காலத்தில் கூண்டைச் சுத்தம் செய்வது பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். மார்கழி பிறந்துவிட்டதால் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் வாசலில் கோலம் போடுகிறாள். ஆனாலும் சென்னைக் குளிர் எவ்வளவு என்பது உனக்கே தெரியும். நுங்கம்பாக்கம் வானிலைப் பதிவுகளிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரிதான். டொராண்டோவில் மைனஸ் 15 என்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து உங்களைப் பற்றியும், உன் கூடத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கிளி இனங்களான பட்ஜி, காக்டீல் பறவைகளைப் பற்றியும்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேரனுக்கு இரவு இருமல் நிற்கவில்லை என்றும், ஜன்னல்களை நவம்பரிலிருந்தே திறக்கவில்லை என்றும், குளிருக்குப் பயந்து கூண்டை வாரம் ஒருமுறைதான் சுத்தம் செய்ய முடிகிறது என்றும் சொன்னாய். பறவைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை நினைப்பதாகவும் சொன்னாய். அவர் நினைப்பதில் தவறே இல்லை. பிள்ளையின் மூச்சுக்கு முன்னால் வேறு எதுவும் பெரிதில்லை. ஆனால் அந்த முடிவுக்குப் போவதற்கு முன்பு, கூண்டைச் சுத்தம் செய்யும் முறையை நீ முழுவதுமாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, மீதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பேரனை டாக்டரிடம் காட்டும்போது வீட்டில் பறவை இருக்கிறது என்பதையும், என்ன பறவை, கூண்டு எந்த அறையில் இருக்கிறது என்பதையும் அவர் கேட்காவிட்டாலும் நீயே சொல். கிளி இனப் பறவைகளின் காய்ந்த எச்சத்தூளைச் சுவாசிப்பதால் மனிதருக்கு வரும் சிட்டகோசிஸ் என்ற நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு. 1929, 1930 ஆண்டுகளில், விற்பனைக்காகக் கப்பலேற்றப்பட்ட கிளிகள் வழியாக அது பல நாடுகளில் பரவியது. இன்று அதற்கு நல்ல மருந்து இருக்கிறது என்றாலும், பறவை இருப்பது தெரிந்தால்தான் டாக்டருக்கு அந்த எண்ணமே வரும். இறகுத்தூசியால் நுரையீரலுக்கு வரும் ஒவ்வாமை வேறு ஒன்று. இரண்டுமே அடிக்கடி வருபவை அல்ல. பேரனுக்கு இருப்பது சாதாரணச் சளியாகவே இருக்கலாம். சொல்லி வைப்பது மட்டும் நம் கடமை.

இனி கூண்டுக்கு வருகிறேன். புரசைவாக்கம் வீட்டில் நீ பார்த்து வளர்ந்த முறை என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போவேன்; தட்டில் காய்ந்து கிடப்பதைச் சுரண்டித் தட்டுவேன்; ஹோஸ் குழாயைத் திறந்து அடிப்பேன்; வெயிலில் சாய்த்து வைத்துவிட்டுக் காபி குடிக்க இறங்கிவிடுவேன். தூசியைக் காற்று கொண்டுபோனது, ஈரத்தை வெயில் எடுத்துக்கொண்டது. என் கை செய்தது பாதி வேலைதான். உனக்கு அந்தக் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. அதே முறையை மூடிய கூடத்துக்குள் செய்தால், சுரண்டிய தூள் மேலே எழும்பி, வீட்டுச் சூடேற்றியின் காற்றுக்குழாய்க்குள் இழுக்கப்பட்டு, பேரன் தூங்கும் அறை வரைக்கும் போய்ச் சேரும். வாரம் ஒருமுறை செய்யும் பெரிய சுத்தம்தான் அங்கே பெரிய ஆபத்து. எச்சத்தைக் காயவே விடாமல், ஈரத்தோடு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவதுதான் குளிர்காலத்துக்கு ஏற்ற முறை. நான் சொல்ல வந்ததும் இதுதான்.

தினசரி வேலை பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. தட்டில் வெற்று வெள்ளைக் காகிதத்தை நாலைந்து அடுக்காகப் போட்டு வை. காலையில் மேல் அடுக்கின்மீது தண்ணீரை லேசாகத் தெளித்து, அது ஊறியதும் ஓரங்களை உள்பக்கமாக மடித்து, அப்படியே பைக்குள் போட்டுக் கட்டிவிடு. உதறாதே. விளக்குமாறும் வேண்டாம். சாதாரண வாக்யூம் கிளீனரும் வேண்டாம். நுண்ணிய தூளை அது முன்னால் இழுத்துப் பின்னால் ஊதிவிடும். நுண்ணிய தூளையும் பிடித்துவைக்கும் ஹெபா வடிகட்டி உள்ளதாக இருந்தால் மட்டும், பறவைகள் வேறு அறையில் இருக்கும்போது தரைக்குப் பயன்படுத்து. மணல், மரத்தூள், சோளத்தக்கைத் தூள் என்று கடையில் விற்பதை எல்லாம் வாங்காதே. ஈரம் பட்டால் அவற்றில் பூஞ்சை பிடிக்கும். பறவையின் மூச்சுக்குழாயைத் தாக்கும் அஸ்பெர்ஜில்லஸ் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

காகிதத்தை மடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பார். நலமான பறவையின் எச்சத்தில் பச்சையோ பழுப்போ ஆன ஒரு சிறு சுருள், அதன்மேல் சுண்ணாம்பு போல வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர் என மூன்றும் தனித்தனியாகத் தெரியும். வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும். எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் பறவை சாப்பிடவில்லை என்று பொருள். பறவைகள் நோயை மறைத்துக்கொள்ளும் இனம். இறகை உப்பிக்கொண்டு கீழே வந்து உட்காரும் நாளில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் பறவையைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அடிக்காகிதத்தையும் மடித்துக் கையில் எடுத்துப் போவேன், உனக்கு நினைவிருக்கும். அதனால்தான் அச்சு மை இல்லாத வெள்ளைக் காகிதம் வேண்டும் என்கிறேன். செய்தித்தாளில் நிறம் சரியாகத் தெரியாது.

தீனிக் கிண்ணத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பட்ஜி தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் விடும். மேலே உமி மூடிக்கொண்டிருப்பதால் கிண்ணம் நிறைந்திருப்பது போலவே தெரியும். விரலால் கிளறினால் அடியில் ஒரு மணி தினைகூட இருக்காது. இங்கே பால்கனியில் நின்று ஊதிவிடுவோம். நீ கூடத்தில் ஊதாதே. குப்பைப் பைக்குள் கிண்ணத்தைத் தாழ்த்திப் பிடித்து மேல் உமியை விரலால் வழித்துத் தள்ளு. தண்ணீர்க் கிண்ணத்தின் உட்பக்கத்தைத் தினமும் விரலால் தடவிப் பார். வழவழப்பாக இருந்தால் அது கிருமிப் படலம், வெறும் நீரால் அலசினால் போகாது. வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவு. இரண்டு ஜோடிக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு, ஒன்று உபயோகத்தில் இருக்கும்போது மற்றது காயட்டும்.

வாரத்துக்கு ஒருமுறை கூண்டை முழுவதுமாகக் கழுவத்தான் வேண்டும். அதைக் குளியலறைத் தொட்டியில் செய். பறவைகளைச் சிறிய கூண்டில் வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்து. பேரனை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிடு. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொள். என்95 முகக்கவசம் கட்டாயம். முதலில் வெதுவெதுப்பான நீரை எங்கும் பூவாளி போலத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிடு. ஊறிய எச்சம் பழைய பல்துலக்கிக்கே வந்துவிடும். கம்பிகளின் மூலைகளில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். பாத்திர சோப்பு போதும். நன்றாக அலசிவிடு. கடைசியில் தொட்டியையும் கழுவு, அதில்தானே பேரன் குளிக்கிறான்.

சுண்ணாம்பு போல இறுகியிருக்கும் வெள்ளைக் கறைக்குச் சரிபாதி தண்ணீர் கலந்த வெள்ளை வினிகர் நல்லது. ஆனால் கூண்டு துத்தநாகம் பூசிய கம்பியாக இருந்தால் வினிகர் வேண்டவே வேண்டாம். அமிலம் அந்தப் பூச்சைக் கரைக்கும். பறவை அலகால் கம்பியைக் கடிக்கும். துத்தநாகம் உள்ளே போனால் அது விஷம். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோவதற்கு முன் அங்கே வாங்கிய நம் பழைய கூண்டின் முடிச்சுகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்குமே, அதுதான் துத்தநாகம்.

பிளீச் எப்போதாவதுதான் தேவைப்படும். பறவைக்கு நோய் வந்துபோன பிறகு என்று வைத்துக்கொள். அப்போதும் ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், சோப்பால் கழுவி அலசிய கூண்டின்மீது மட்டும், பத்து நிமிடம் ஈரமாக வைத்திருந்து மறுபடி நன்றாக அலச வேண்டும். வினிகர் போட்ட அன்று பிளீச்சைத் தொடாதே. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பானோடும் பிளீச் சேரக்கூடாது. மனிதருக்கே ஆகாத வாயு பறவையை என்ன செய்யும் என்று யோசித்துப் பார். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதிய காற்று நுரையீரல் வழியே ஓடிக்கொண்டே இருக்கும். பறப்பதற்காக அமைந்த அந்த ஏற்பாடே நச்சுக்காற்றையும் வேகமாக உள்ளே வாங்கிவிடுகிறது. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவை அறிய 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்ததும் இதனால்தான்.

கழுவுவதைவிட உலர்த்துவது கடினம். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கூண்டைச் சூடான அறையில் அன்று முழுவதும் வைத்துவிடு. ஈரக் கூண்டில் பறவையை ஒருபோதும் விடாதே. பட்ஜியின் எடை நாற்பது கிராம்கூட இருக்காது, உடல் வெப்பமோ 41 டிகிரிக்குப் பக்கம். இறகுக்குள் அடைத்து வைத்திருக்கும் காற்றால்தான் அது சூட்டைக் காக்கிறது. நனைந்தால் அந்தக் காப்பு போய்விடும். உட்காரும் மரக்குச்சிகள் உள்ளே ஈரத்தை வாங்கிக்கொள்ளும் என்பதால் இரண்டு செட் வைத்துக்கொண்டு, வாரம் ஒன்றாக மாற்று. குச்சிகளைச் சமையலறை ஓவனில் வைத்து உலர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நான்ஸ்டிக் பூச்சுள்ள தட்டு உள்ளே இருந்துவிட்டால் அந்தப் புகை பறவைக்கு எமன். ஓவன் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பொத்தானை அழுத்தும் நாளும் அப்படித்தான். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். மணமே தெரியாமல் சில நிமிடங்களில் பறவை விழுந்துவிடும். வெறும் தோசைக்கல்லை அடுப்பில் காயவிட்டுப் போனை எடுக்கப் போனால் அந்தச் சூடு வந்துவிடும். ஜன்னல் மூடிய வீட்டில் நீ நான்ஸ்டிக் கல்லில் தோசை வார்ப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் ஊதுபத்தியும் பூஜை அறைக் கதவுக்குள்ளேயே நிற்கட்டும். அல்லது குளிர்காலம் முடியும் வரை விளக்கு மட்டும் போதும் என்கிறாள் அம்மா.

உன் காக்டீலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுத் தூசியில் பெரும்பங்கு அதனுடையதாகத்தான் இருக்கும். அதன் உடலில் சில மென்தூவிகள் நுனியிலிருந்து பொடியாகவே உதிர்ந்துகொண்டிருக்கும்; கருப்புத் துணியைத் தோளில் போட்டு அதை உட்கார வைத்தால் முகப்பவுடர் கொட்டியது போல வெள்ளையாகப் படியும். பட்ஜிக்கு இவ்வளவு கிடையாது. வாரத்தில் ஓரிரு நாள் முற்பகலில் வெதுவெதுப்பான நீரைப் பனி போல அதன்மேல் தெளித்தால், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும், பொடியும் குறையும். ஹேர் டிரையர் வேண்டாம். சிலவற்றில் உள்ளே அதே நான்ஸ்டிக் பூச்சு இருக்கும். கூண்டுக்கு இரவில் போர்த்தும் துணியைக் கூடத்தில் உதறாமல் சுருட்டி எடுத்துப் போய், மணமில்லாத சோப்பில் துவை.

ஜன்னலைத் திறக்கவே கூடாது என்று நினைக்காதே. பறவைகளையும் பேரனையும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்து ஜன்னலை ஐந்து நிமிடம் அகலத் திற. பிறகு மூடி, அறை பழைய சூட்டுக்கு வந்ததும் அவர்களை அழைத்துக்கொள். நாள் முழுக்க ஓர் இடுக்குத் திறந்து வைப்பதைவிட இது மேல். கூண்டின்மீது குளிர்காற்று ஒரே பக்கமாக அடிக்காது. சூடேற்றியின் வடிகட்டியை இந்த வாரமே மாற்று. கூண்டு காற்றுத்துளைக்கு எதிரே இருந்தால் நகர்த்து. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதற்கு ஹியூமிடிஃபையர் வாங்கினால் அதன் தொட்டியையும் தினமும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சையை அதுவே வீடெங்கும் தெளிக்கும்.

இவ்வளவும் செய்து, டாக்டரும் பறவைதான் காரணம் என்று சொல்லிவிட்டால், தயங்காமல் கொடுத்துவிடு. பறவை வளர்த்துப் பழகிய வீடாகப் பார்த்து, கூண்டோடும் தீனியோடும் கொடு. அதற்காக நீ வருந்தவும் வேண்டாம், மாப்பிள்ளையோடு வாதாடவும் வேண்டாம்.

கூண்டு துத்தநாகமா, எஃகா என்பது தெரியவில்லை என்றாய். கம்பிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். எதிர்வீட்டு மாமியின் மகன் பொங்கல் முடிந்து டொராண்டோவுக்குத் திரும்புகிறான். அவனிடம் அம்மா பழக்கி வைத்திருக்கும் இரும்புத் தோசைக்கல்லைக் கொடுத்தனுப்புகிறோம். கனமாகத்தான் இருக்கும், ஆனாலும் எடுத்துவரச் சம்மதித்திருக்கிறான். அதுவரை தோசையை விட்டு இட்லியாக ஊற்று. டாக்டர் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே தெரிவி. இங்கே எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா