ஆல்ஃபிரிஸ்டன் வீட்டைப் பற்றி பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. இங்கிலாந்தில் நீ சீஃபோர்டுக்கு வீடு மாறப்போவதாகச் சொன்னதும் எனக்கு ஆல்ஃபிரிஸ்டன் நினைவு வந்துவிட்டது. பக்கத்து ஊர்தானே.

போன ஜூனில் அந்த ஊரில் இருக்கும் பழைய பாதிரியார் வீட்டுக்குள் நான் நின்றுகொண்டே இருந்ததில் பஸ்ஸை விட்டுவிட்டோம். "அப்படி என்னப்பா இருக்கு அந்தக் கூரை வீட்டில?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்ல நிறைய இருந்தது, அதுதான் காரணம். இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நாற்பது வருஷம் உளி பிடித்தவன் நான். நிலை, கதவு, உத்திரம் எதுவானாலும் மரத்தை அறுத்து, காயப்போட்டு, ஈரம் போனபிறகுதான் கை வைப்போம். ஈரமரத்தில் வேலை செய்தால் முறுக்கிக்கொள்ளும் என்று என் அப்பா அடித்துச் சொல்லிக் கொடுத்தது அது. அந்த ஊர்த் தச்சர்கள் நேர்மாறு. ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடேயே செதுக்கினார்கள். காய்ந்தால் ஓக் இரும்பாகிவிடும், கைக்கருவி இறங்காது. பச்சையாகவே ஒரு மரத்தில் துளை போட்டு, அடுத்த மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை அதில் செருகி, காய்ந்த ஓக் ஆணியை அடித்துவிடுவார்கள். ஆணிக்கான துளையையும் துளிபோல விலக்கிப் போடுவார்கள். ஆணி இறங்கும்போதே மூட்டு இழுத்துக்கொள்ளும். அப்புறம் மரம் உலர உலர இன்னும் இறுகும். முறுக்கலை எதிரியாக நினைத்தே வேலை பார்த்தவன் நான். அவர்கள் அதையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் எழுப்பிய மரச்சட்டம் இன்றைக்கும் நிற்கிறது. அந்தத் தூண்கள் கொஞ்சம் கோணலாக இருப்பதைப் பார்த்தாயே, ஈரமரத்தில் செய்த வேலை அப்படித்தான் இருக்கும். அது குறையில்லை.

இந்த மாதிரிச் சட்டத்தை முதலில் தரையில் வைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று உளியால் கீறி அடையாளம் வைப்பார்கள். பிறகு பிரித்து வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் நிமிர்த்துவார்கள். நம் பட்டறையிலும் நிலைக்காலில் உளிக்கீறல் வைப்பது உனக்கு நினைவிருக்கும். சின்ன வயசில் அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

இதற்கு வீல்டன் வீடு என்று பெயர். கென்ட், சசெக்ஸ் பக்கத்து வகை. நடுவில் கூரைவரை திறந்த கூடம், இரண்டு பக்கமும் மாடியோடு அறைகள். மாடி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், நடுக்கூடம் உள்வாங்கினாற்போல் இருக்கும், ஆனால் மேலே ஒரே நீளக் கூரை. அந்தக் காலத்தில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே தரையில் நெருப்பு எரியும், புகை கூரை வழியாகத்தான் வெளியே போகும். சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசிய சுவர். தரைக்குச் சுண்ணாம்புப் பாறையை இடித்துக் கெட்டித்து, புளித்த பாலை ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். சாணம் மெழுகிய திண்ணையில் வளர்ந்தவனுக்கு அந்தத் தரை அந்நியமாகவே தெரியவில்லை.

பிற்காலத்தில் அந்த வீட்டுக்குள் தடுப்பு வைத்துப் பிரித்து, கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். கவனிப்பாரில்லாமல் பாழாகி, இடித்துவிடலாம் என்று திருச்சபை நிர்வாகமே முடிவெடுத்த நிலைமை. அந்த ஊருக்கு வந்த பாதிரியார் பெய்னன் விடவில்லை. பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்துக்கு எழுதினார். வில்லியம் மாரிஸ் 1877இல் தொடங்கிய சங்கம் அது. விஷயம் அங்கிருந்து, பழைய கட்டடங்களையும் அழகான இடங்களையும் வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்குப் போனது. ஆக்டேவியா ஹில் அம்மையாரும் இன்னும் இருவரும் 1895இல்தான் அதை ஆரம்பித்திருந்தார்கள். மறு வருஷமே, 1896இல், பத்து பவுண்டு கொடுத்து இந்த வீட்டை வாங்கினார்கள். அவர்கள் வாங்கிய முதல் கட்டடம் இதுதான். அரண்மனையும் கோட்டையும் நிறைந்த நாட்டில் மண் பூசிய ஒரு சின்ன வீட்டில் தொடங்கியிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆல்ஃபிரட் பவல் என்ற கட்டடக் கலைஞர் பழுது பார்த்தார். புதுசுபோல ஆக்குவது அந்தச் சங்கத்துக்குப் பிடிக்காது. உளுத்த இடத்தை மட்டும் எடுத்து, நல்ல மரத்தை அப்படியே விடவேண்டும் என்பது அவர்கள் வழி. என்னிடம் பழைய கதவைக் கொண்டுவருகிறவர்களிடம் நானும் இதைத்தான் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். பாதிப்பேர் கேட்கவில்லை, புதுக்கதவு செய்துகொண்டு போனார்கள்.

கூடத்தில் மேல்விளிம்பில் ஓக் இலை ஒன்று செதுக்கியிருக்கிறது. டிரஸ்டின் ஓக் இலைச் சின்னம் அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்தச் செதுக்கியவர் கைதான் முக்கியம். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

சீஃபோர்டில் குடியேறியதும் ஒருநாள் போய்வா. கழுத்து வலித்தாலும் அண்ணாந்து பார். தூணும் உத்திரமும் சேருகிற இடத்தில் மர ஆணியின் தலை தெரிந்தால் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. என் போனில் எடுத்ததெல்லாம் இருட்டாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா