ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் லீவு போட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. கழிப்பறைக் கதவு மாற்றினோம். ஆண்டு விழாவுக்குச் சாமியானா போட்டோம். சந்தா பெரும்பாலும் ஜிபேயில் வந்துவிடுகிறது; நேரில் வந்தால் தருகிறேன் என்றவர்கள், நேரில் போனாலும் அதையேதான் சொல்கிறார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மீதி நேரத்தைச் சிலம்பம், பறை, சதுரங்கம் என்று நம் சங்கம் பள்ளியில் நடத்தும் சிறப்பு வகுப்புகளுக்கு எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு வந்த சண்டையெல்லாம் அதைச் சுற்றித்தான்.

"பாட்டு வாத்தியார், டிராயிங் மாஸ்டரை அரசாங்கம் போடாதா, நாம் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். போடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு. ஆனால் அது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு, அதுவும் அங்கே பிள்ளைகள் 100-க்கு மேல் இருந்தால். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அவ்வளவுதான். நம் பள்ளியில் டீச்சர் முதல் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து, அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' நடத்துகிறார். தலைமையாசிரியர் அம்மா 4, 5 வகுப்புகளைப் பார்க்கிறார். இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இதற்கு நடுவில் சிலம்பமும் சதுரங்கமும் அவர்களே கற்றுத்தர வேண்டும் என்றால் அது நியாயமில்லை.

வகுப்புகள் பள்ளி நேரத்துக்குள் மட்டுமே நடக்கும், எந்தப் பிள்ளையிடமும் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. இந்த இரண்டிலும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. டவுனிலிருந்து வந்த ஒரு சதுரங்கப் பயிற்சியாளர், பள்ளி விட்ட பிறகு தலைக்கு இவ்வளவு என்று வாங்கி நடத்தலாம் என்றார். காசு கொடுக்க முடிந்த ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், மற்றவர்கள் ஜன்னலில் தொங்குவார்கள். பள்ளி விட்டதும் ஆட்டைப் பார்க்கப் போகும் பிள்ளையும், ஷேர் ஆட்டோவைப் பிடித்தாக வேண்டிய பிள்ளையும் எப்படி வரும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

அடுத்து, வாசிப்பில் பின்தங்கியவர்கள் பற்றிய விவாதம். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் கீழ்நிலைகளான அரும்பு, மொட்டிலேயே நிற்கும் பிள்ளைகளைச் சிறப்பு வகுப்பு நேரத்தில் உட்காரவைத்து எழுத்துப் பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் வாரம் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தையும் பிடுங்கினால், தண்டனை என்றுதான் அதற்குத் தோன்றும். தலைமையாசிரியர் அம்மா கேட்டுவிட்டு, எல்லாரும் போகட்டும் என்று முடித்துவைத்தார். மூன்றாம் வகுப்பில் ஒருவன், பெயர் வேண்டாம், சிலம்பத்தில் எண்ணிக்கை பிசகாமல் அடி வைக்கிறான். அதனால் வாசிக்கத் தொடங்கிவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன், இன்னும் தடுமாறத்தான் செய்கிறான். ஆனால் சிலம்ப வகுப்புள்ள வெள்ளிக்கிழமை லீவு போடுவதில்லை. அது போதும் எனக்கு.

பறை வகுப்புக்கு வருகிறேன். ஜூலையில் தொடங்கியதும் எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. "படிக்க அனுப்பினால் பறை அடிக்கச் சொல்லித் தருகிறீர்களா?" என்றது ஒரு பக்கம். அது ஏன் வந்தது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் காலனியிலிருந்து வந்த ஓர் அம்மா, "நாங்க வேணாம்னு விட்டுட்டு வந்ததை எம்புள்ளை கையில ஏன் குடுக்குறீங்க?" என்றார். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதுக்கு அப்படி முடியவில்லை. செயற்குழு இரண்டு முறை உட்கார்ந்து பேசித் தீர்மானம் போட்டது: ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் அடிப்பார்கள், ஒருவரையும் விலக்குவதில்லை, பள்ளிப் பறை பள்ளி வாசலைத் தாண்டாது, சாவுக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை. பங்குனித் திருவிழாவுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி ஆள் வந்தபோது இந்தத் தீர்மானத்தைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினோம். அந்த அம்மா இப்போது வகுப்பைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

ஜனவரியில் நம் மாவட்டத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதன் பிறகு சில வாய்கள் அடங்கின. விருதைப் பார்த்து மாறிய மனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு கதை, நமக்கு அது வசதியாக இருந்தது.

வகுப்பைப் பார்க்காத வெளியூர் உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. பயிற்றுநர் வந்ததும் முதல் வேலை காய்ச்சுவதுதான். பள்ளிக்குப் பின்னால் காய்ந்த ஓலையைக் கொளுத்தி, பறையைத் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டுவார். நடுவில் விரலால் சுண்டிப் பார்ப்பார். தொப்பு தொப்பு என்றிருந்தது கணீரென்று எழும்பியதும் பிள்ளைகள் "ஆச்சு, ஆச்சு" என்று கத்துவார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று இப்போது நாலாம் வகுப்புப் பெண் பிள்ளைகளே சொல்கிறார்கள். இடது கையில் மெல்லிய சிம்புக்குச்சி, வலது கையில் தடித்த அடிக்குச்சி. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பறை கனம் என்பதால் காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துக் கொடுத்தோம். இப்போது அந்த வாளிக்குத்தான் போட்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் தொய்ந்துபோய் இரண்டு வாரம் வாளிகள் மட்டும்தான் ஒலித்தன.

சதுரங்கம் தானாகவே ஓடுகிறது. டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன பிறகு பலகைகள் போதவில்லை, திண்ணையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு விளையாடுகிறார்கள். தொலைந்த யானைக்குப் பதில் சோடா மூடி. நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள் பலகை வாங்கித் தரலாம்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்களைப் புதன்கிழமை சத்தமாக வாசிக்க உறுப்பினர் இருவர் முறை வைத்து வந்தார்கள். பாதியில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார். அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டி இந்த ஆண்டுதான் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நம் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த குறுவள மைய அளவுக்குப் போய்க் கதை சொல்லிவிட்டு வந்தார்கள். பரிசு இல்லை, பிரியாணி உண்டு.

இனி கவலைக்குரியது. சிலம்ப ஆசான் இதுவரை பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். சிலம்பம் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சேர்ந்த பிறகு தனியார் பள்ளிகள் சம்பளம் கொடுத்து ஆள் தேடுகின்றன. அவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அன்பு, மரியாதை, சால்வை எல்லாம் சரி, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. வரும் ஆண்டு முதல் சிலம்பம், பறைப் பயிற்றுநர் இருவருக்கும் மாதம் தவறாத மதிப்பூதியம் தர வேண்டும் என்றும், அதற்காகச் சந்தாவை உயர்த்த வேண்டும் என்றும் செயற்குழு பரிந்துரைக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது இடம் இருப்பதால், நம் பிரதிநிதிகள் அங்கேயும் இதைப் பேசுவார்கள்.

ஓவிய வகுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். அறிக்கையை ஏற்று, சந்தா உயர்வுத் தீர்மானத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்