கிழிந்த சீட்டில் ஐந்து வருடக் குளிகை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அண்ணன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். வயது 58. மாரடைப்பு வந்து பிழைத்த பிறகு, கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் வகைக் குளிகையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் தினமும் சாப்பிடச் சொன்னார்கள். ஐந்து வருடமாக, மடித்து மடித்துக் கிழிந்துபோன அதே சீட்டைக் காட்டித்தான் குளிகை வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவைகூட ரத்தம் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் ஆளில்லை.

போன வருடம் தொடையும் தோளும் வலிக்கிறது என்றார். விடியுமுன் மேடேறி மரம் மரமாக வெட்டுகிறவருக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். தைலம் தேய்த்தார். குத்தவைத்தால் எழுந்திருக்க முடியாது என்றான பிறகுதான் டாக்டரிடம் போனோம். தசை பாதித்தால் ரத்தத்தில் கூடுகிற சிபிகே என்ற நொதி கூடியிருந்தது. கூடவே தைராய்டு குறைவு. தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், ஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்குத் தசை பாதிக்கும் வாய்ப்பும் கூடும் என்று டாக்டர் விளக்கினார். குளிகையைச் சில வாரம் நிறுத்தி, தைராய்டைச் சரிசெய்து, அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார். அண்ணன் இப்போது வெட்டுக்குப் போகிறார்.

இதைப் படித்துவிட்டு யாரும் குளிகையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். மாரடைப்பு வந்தவர் வாட்ஸ்அப்பைப் பார்த்துத் தானாக நிறுத்துவது இதைவிடப் பெரிய ஆபத்து. ‘லிவர் போயிடும்’ என்பதுதான் அதிகம் சுற்றுகிற பயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தொடங்கும் முன் ஒரு முறை ஈரல் பரிசோதனை, அப்புறம் தொந்தரவு தெரிந்தால் மட்டும் போதும் என்று 2012லேயே சொல்லிவிட்டது. அப்படியிருக்க, மாதாமாதம் ஈரல் டெஸ்ட் எடுத்துக் காசைக் கரைக்கிறவர்களையும் நாகர்கோவிலில் பார்க்கிறேன்!

தேவையான பரிசோதனை கொஞ்சம்தான். தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் கொழுப்பு அளவைப் பார்த்து, மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பார்ப்பது நல்லது. சர்க்கரை லேசாக ஏறலாம் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டின் சாப்பிடுகிறவருக்குக் கிட்னி கெட்டிருந்தால் அளவைக் குறைக்க வேண்டிவரும். சிபிகே எல்லோருக்கும் வேண்டாம், தசை வலியோ தளர்ச்சியோ வந்தால் போதும். மூத்திரம் கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இன்னொன்று, சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதுகிற டாக்டரிடம் கொழுப்புக் குளிகை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தசைக்கு ஆகாது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021ல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற அக்காமார் அப்படியே, “கொழுப்புக் குளிகை சாப்பிடுறீங்களா? கடைசியா எப்போ ரத்தம் பாத்தீங்க? கை கால் வலி உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போகலாமே. மலையோரத்திலும் கடற்கரையிலும் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள்தான் அதிகம். டாக்டர்களும் அடுத்து ரத்தம் பார்க்க வேண்டிய மாதத்தைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணனின் புதுச் சீட்டில் அதை நாங்களே கேட்டு எழுதி வாங்கியிருக்கிறோம்.

ஒரு வாசகர்,
தக்கலை