பலூன் போய் நின்ற உயரம்

அன்புள்ள மலருக்கு,

போனில் சொன்னால் நீ “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா அடுப்படியில் முறுக்குப் பிழிகிறாள். நடுநடுவே வந்து, “அப்படி என்னத்தைத்தான் எழுதுறீங்க” என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

ஏ.சி. பார்க்க வந்த ஆள் நாலு டன்னைக் கழற்றிவிட்டு ஐந்து டன் போடச் சொன்னான் என்றாயே, அதற்குத் தலையாட்டிவிடாதே. அந்த ஹாலின் நீள அகலத்தையோ ஜன்னலையோ அவன் அளந்தானா? டன்னைக் கூட்டினால் அறை சீக்கிரம் குளிர்ந்து மெஷின் சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். தொடர்ந்து ஓடினால்தான் காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். விட்டு விட்டு ஓடினால் அறை குளிர்ந்திருக்கும், ஆனால் உடம்பு பிசுபிசுக்கும். வெயில் எந்தப் பக்கம், கண்ணாடி எவ்வளவு, கூரைக்குள் என்ன அடைத்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டச் சொல். கணக்கில் ஐந்து டன் வந்தால் அப்புறம் பேசலாம்.

டன் என்ற பேச்சே பனிக்கட்டியிலிருந்து வந்ததுதான், தெரியுமா? ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் தேவையோ அந்த அளவு, மணிக்கு 12,000 பி.டி.யு. (பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). சென்னைக் கடற்கரையில் உனக்கு ஐஸ் ஹவுஸ் காட்டினேன் அல்லவா, அங்கே ஒரு காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிப் பனிக்கட்டி கப்பலில் வந்து இறங்கியது. இன்றைக்கு அந்த அமெரிக்காவில் இருக்கிற உனக்குக் குளிர வைக்கும் வழியை மதுரையிலிருந்து எழுதுகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஜூலையில் உன் ஊர் பிளேனோவுக்கு வந்தபோது உன் ஹாலைப் பார்த்ததும் எனக்கு மகால் ஞாபகம்தான் வந்தது. இரண்டு பக்கமும் சரிந்து ஏறி உச்சியில் சேர்கிற கூரை, தலைக்கு மேல் அவ்வளவு வெற்றிடம். “உயரமான வீடுப்பா, வெக்கை தெரியாது” என்று நீ சொன்னாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் நாளே தப்பு தெரிந்தது. நம்மூர்ப் பழைய கட்டடங்களில் உயரம் மட்டும் வேலை செய்யவில்லை. மேலே ஏறிய சூடு வெளியே போக வழி வைத்திருந்தார்கள். திருமலை நாயக்கர் மகால் முற்றத்தைச் சுற்றித் திறந்து கிடக்கிறது. பழைய பங்களாக்களில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர் இருக்கும், கயிறு இழுத்துத் திறப்பார்கள். உன் வீட்டு உயரத்துக்கு அப்படி ஒரு வாய் இல்லை. ஏ.சி. வீடு, அடைத்து வைத்தாக வேண்டும். ஏறின சூடு அங்கேயே குடியிருக்கிறது.

குட்டியின் பிறந்தநாளன்று கைநழுவி மேலே போன அந்த வெள்ளி பலூன் நினைவிருக்கிறதா? நாலு நாள் உச்சியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்றைக்கு ஃபேன் போடவில்லை. ஏ.சி. மட்டும் முழுசாக ஓடிக்கொண்டிருந்தது, இங்கே கீழே ஜன்னல் திரை ஆடுகிறது. மேலே பலூன் வால் அசையவே இல்லை. மாப்பிள்ளையிடம் இருந்த அந்தத் துப்பாக்கி மாதிரி வெப்பமானியை நீட்டிப் பார்த்தேன். ஃபாரன்ஹீட் கணக்கில் தரையில் 77, சாய்ந்த கூரையில் 91. சாயங்காலம் ஆறு மணிக்குக் கூரை இன்னும் சூடாக இருந்தது. மேலே பரண் கிடையாது, ஓட்டுக்கும் உன் தலைக்கும் நடுவே ஒரு கை அகலத் தடுப்புதான். பகல் முழுக்க வாங்கினதை இரவு திருப்பிக் கொடுக்கிறது.

அந்தச் சூடு மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும், அதைக் குளிர வைக்கக் காசு செலவழிக்காதே. குளிர்ந்த காற்று கனம், தானாகக் கீழே தங்கும். நீங்கள் உட்கார்வதும் படுப்பதும் கீழ் எட்டு அடிக்குள்தானே? அதை மட்டும் பார்த்துக்கொள்.

அதைக் கெடுப்பது வீட்டைக் கட்டினவன் மாட்டிவிட்டுப் போன ஃபேன். உச்சியில் ஒரு அடி ராடில் தொங்குகிறது. மேலே உள்ள சூட்டைக் கலக்குகிறதே தவிர சோபாவில் இருக்கிறவனுக்கு ஒன்றும் வருவதில்லை. இதே தப்பை நான் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய சர்ச்சில், கம்பி தெரிந்தால் அழகு கெடும் என்று சொன்னார்கள் என்று ஃபேன்களைக் கூரையோடு ஒட்டி மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மேலே எட்டு ஃபேன் சுற்றுகிறது, கீழே எல்லோரும் பாட்டுப் புத்தகத்தால் விசிறுகிறார்கள். பின்வரிசையில் நின்று பார்த்த எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அப்புறம் என் கைக்காசில் ராடு வாங்கி எல்லாவற்றையும் இறக்கினேன்.

உனக்கும் அதுதான். இறக்கை தரையிலிருந்து ஒன்பது அடியில் நிற்கட்டும். ஏழு அடிக்குக் கீழே எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. உன் உச்சி பதினெட்டு அடி, மோட்டாருக்கு ஒரு அடி விட்டால் எட்டு அடி ராடு வேண்டும். இவ்வளவு நீள ராடுக்கு மோட்டாரிலிருந்து வரும் ஒயரும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும், ராடுக்குள் ஜாயிண்ட் போடவே கூடாது. கூரை சரிவாக இருப்பதால் மேல் கப்புக்குச் சரிவு அடாப்டர் தேவையா என்று பார்க்கச் சொல். ராடைப் பிடித்திருக்கும் ஆணி கழன்றுவிடாமல் காக்கும் ஸ்பிளிட் பின் சரியாக விரித்திருக்கிறதா என்று உன் கண்ணால் பார். இதெல்லாம் சாரம் கட்டி ஏறத் தெரிந்த எலக்ட்ரீஷியன் வேலை. மாப்பிள்ளை ஆர்வமாகத்தான் இருப்பார், அவரை ஏணியில் ஏற்றிவிடாதே.

ஃபேன் ஓடினால் தெர்மோஸ்டாட்டை நாலு டிகிரி ஏற்றி வைக்கலாம், 74-இல் இருந்த சுகம் 78-இல் கிடைக்கும். ஆனால் ஃபேன் ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. எழுந்து போகும்போது அணைத்துவிடு. நீ எங்கே அணைக்கிறாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே அணைத்ததில்லை. குளிர்காலத்தில் சுற்றைத் திருப்பி மெதுவாக ஓட விட்டால் மேலே தேங்கின வெதுவெதுப்பு சுவரோரமாக இறங்கும்.

மேற்குப் பக்கம் மேலே இருக்கிற முக்கோணக் கண்ணாடிக்குத் திரை போட முடியாது. வெயிலை வெளியிலேயே மறிப்பது நல்லது. முடியாவிட்டால் ஃபிலிம் ஒட்டலாம். அது இரட்டைக் கண்ணாடிக்குப் பொருந்துமா, ஒட்டினால் கண்ணாடியின் வாரண்டி போகுமா என்று கேட்டுவிட்டு ஒட்டு. அப்புறம் அந்த மேல் லாஃப்ட், அதாவது ஹாலைப் பார்த்துத் திறந்திருக்கும் அரை மாடி. மாப்பிள்ளை தன் மேசையை அங்கேதான் போட்டிருக்கிறார், வீட்டுச் சூடெல்லாம் வந்து கூடுகிற இடத்தில். நான் சொன்னதாகச் சொல்லாமல் மேசையைக் கீழே இறக்கு.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இருட்டாக இருக்கிறது, கூரையில் இன்னும் நாலு லைட் போடலாமா என்றாய். வேண்டாம். ஒன்பது அடியில் இருக்கிற லைட் பதினெட்டு அடிக்குப் போனால் கீழே வந்து விழுவது கால் பங்குதான். தவிர, சரிவில் பதித்த லைட் நேராகக் கண்ணில் குத்தும். உன் சோபாவில் மல்லாந்தால் ரயில் வருகிற மாதிரி இருக்கிறது. இங்கேயும் ஃபேன் கதைதான், வெளிச்சத்தைக் கீழே இறக்கு. சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு தொங்கு விளக்கு, பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குல உயரத்தில். சோபா பக்கத்தில் தரையில் நிற்கும் விளக்கு ஒன்று, நான் புத்தகம் படிக்க. கூரை வெள்ளையாக இருப்பதால் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு விளக்கை மேல்நோக்கி அடிக்க விடு. அந்தச் சரிவே வெளிச்சத்தை மெத்தென்று திருப்பிக் கொடுக்கும். 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் கலந்த வெளிச்ச விளக்காக வாங்கு. ட்யூப் லைட் வெள்ளை வேண்டும் என்று அம்மா சொல்வாள், கேட்காதே.

ஃபேன் இறக்கைக்கு நேர் மேலே எரிகிற அந்த ஒரு லைட்டை மட்டும் நிரந்தரமாக அணைத்துவிடு. ராடு இறங்கின பிறகு இறக்கை அதை வெட்டி வெட்டி அறை முழுக்க மினுக்கும். குட்டிக்குத் தலைவலி வரும்.

ராடுக்குச் சொல்வதற்கு முன் உயரத்தை இன்னொரு தடவை அளந்துவிடு. நான் அளந்தது இரண்டாவது பலூனில் தையல் நூலைக் கட்டி மேலே விட்டு. அது உச்சியைத் தொட்டதும் தரை மட்டத்தில் நூலில் முடிச்சுப் போட்டு நீளத்தை அளந்தேன். கீழே அந்தத் தடிமனான கம்பளம் விரித்திருந்தது, அதைக் கணக்கில் சேர்த்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. குட்டியைக் கூட வைத்துக்கொள், நூலைப் பிடிக்க அவளுக்குப் பிடிக்கும்.

அன்புடன்,
அப்பா