சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்: பின் வேலிய வெட்டற தேதிய மாத்துங்க

எங்க நகர் குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், கமிட்டியில இருக்கற அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கங்க.

கோத்தகிரில நம்ம தெருவோட கடைசி வரிசை, ஓடைய ஒட்டின வீட்ல இருந்து எழுதறேன். கோடை சீசனுக்கு முன்னாடி பின் வேலிப் புதர் பூராவும் மெஷின் வச்சு வெட்டி கிளீன் பண்றோம், வர்ற சனிக்கிழமை ஆள் வருதுன்னு குரூப்ல போட்டிருந்தீங்க. ரெண்டு வரில பதில் சொல்லி முடிக்கற விஷயம் இல்ல இது, அதான் எல்லாரும் படிக்கட்டும்னு மடலாவே எழுதிட்டேன்.

போன வருஷம் ஏப்ரல்லயும் இதே வேலை நடந்துச்சு. அன்னைக்கு நான் வேலைக்கு போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா என் பொண்ணு பின்வாசப்படில உக்காந்திருக்கா, கைல கொண்டைக்குருவி கூடு, பாதி பிஞ்சு போய். அதுல இருந்த ரெண்டு குஞ்சும் போயிருச்சு. அத விட என்னால மறக்க முடியாதது என்னன்னா, அந்த ஜோடிக்குருவி ரெண்டும் வாயில புழுவோட திரும்பத் திரும்ப வந்து வேலிக்கம்பில உக்காந்து, வெறுந்தரையா கெடந்த எடத்தப் பாத்துட்டு பறந்து போச்சுங்க, இருட்டற வரைக்கும் இதேதான். மெஷின் ஓட்டின தம்பி மேல ஒரு தப்பும் இல்ல, அந்த உயரத்துல கூடு இருக்கும்னு அவருக்கு யாரும் சொல்லல, நாங்களும் சொல்லி வைக்கல.

எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை காலைல ஒரு பழக்கம் இருக்கு. எஸ்டேட் பேக்டரில வேலை பாத்து ரிட்டையர் ஆன எங்க மாமா, நான், என் வீட்டுக்காரர், பொண்ணு நாலு பேரும் டீ டம்ளரோட பின்வாசல்ல உக்காந்து 15 நிமிஷம் பேசாம பாப்போம். பொங்கல் சமயத்துல தமிழ்நாடு பூரா நடக்கற பறவைகள் கணக்கெடுப்புல குறைஞ்சது 15 நிமிஷம் ஒரே எடத்துல பாத்து, பறவைகளப் பதிவு பண்ற ஈபேர்ட் வெப்சைட்ல ஏத்தணும், அதுக்காக ஆரம்பிச்சது இப்ப வாராவாரம் ஆயிருச்சு. வெள்ளைக்கண்ணி கூட்டமா வந்து பேரி மரத்துல பூச்சி பொறுக்கும், துணிக்கொடில நீலகிரி ஈப்பிடிப்பான் உக்காரும், அந்த நீலம் போட்டோல வரவே வராது, நேர்ல பாக்கணும். குளிர்காலத்துல வடக்க இமயமலைப் பக்கம் இருந்தெல்லாம் வர்ற மஞ்ச வயித்து வாலாட்டி ஓடைக்கல்லுல நின்னு வால ஆட்டிட்டே இருக்கும். மாமா கண்ண மூடிட்டே சத்தத்த வச்சு பேர் சொல்லுவார், பொண்ணு நோட்ல எழுதுவா. புதர் உள்ள இருந்து யாரோ கூடி சிரிக்கற மாதிரி கேக்குதே, அது நீலகிரி சிரிப்பான். இந்த மலையையும் இத ஒட்டின எடங்களையும் விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத பறவைங்க அது. ஓடைக்கரைல இருக்கற தவிட்டுப்பழத்துக்காக நம்ம வேலிக்கு வருது. பக்கத்துல இருக்கற லாங்வுட் சோலைக்காட்டுக்கு போனாதான் பாக்கலாம்னு நெனைக்கறவங்க ஒரு நாள் காலைல எங்க வீட்டுக்கு வாங்க, டீ போட்டுத் தரேன்.

கரடி பயம் எனக்கும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ரெண்டு பக்கமும் புதர் மண்டி இருந்தா சாயங்காலம் டியூஷன் விட்டு வர்ற பிள்ளைங்களுக்கு ஆபத்துதான். அதனால நடைபாதை ஓரத்தையும் தெருவிளக்கு கீழயும் வருஷம் பூரா வெட்டி வைங்க, நானே வந்து நிக்கறேன். உண்ணிச்செடி வெளிநாட்டுல இருந்து வந்து காட்டையே அமுக்கற செடி, அத வேரோட எடுக்கறதுலயும் எனக்கு சம்மதம், கரடியும் அந்தப் பழத்தத் திங்க வருது. நான் கேக்கறது ஓடைய ஒட்டின அந்த பின்வரிசை, யாரும் நடக்காத எடம், அத வெட்டற மாசத்த மட்டும் மாத்துங்கன்னுதான். மாசி பங்குனில கூடு கட்ட ஆரம்பிக்குது, நாம சரியா அது முட்டை மேல உக்காந்திருக்கற நேரத்துல மெஷின் கொண்டு வர்றோம். கார்த்திகை மழை விட்டப்புறம் தை முடியறதுக்குள்ள வெட்டிட்டா செடியும் திரும்ப தழைச்சுக்கும், சீசனுக்கும் பாக்க நல்லா இருக்கும்.

1972 வன உயிரினப் பாதுகாப்பு சட்டத்துல காட்டுப்பறவையோட முட்டைய, கூட்டக் கலைக்கறதையும் வேட்டைன்னுதான் சொல்லிருக்கு. பயமுறுத்த இத எழுதல, நம்ம சங்கம் தெரியாம அந்த தப்புல மாட்டக்கூடாதுன்னுதான்.

இன்னொன்னு, கூடு இருக்கற எடத்துல அடையாளத்துக்கு துணி கட்டறோம்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க. காக்கா அதப் பாத்தே கண்டுபுடிச்சிரும். கிட்டப் போய் எலைய வெலக்கி போட்டோவும் எடுக்க வேண்டாம். எந்தக் கம்பத்துல இருந்து எந்தக் கம்பம் வரைக்கும் தொடக்கூடாதுன்னு என் பொண்ணு நோட்ல வரைஞ்சு வச்சிருக்கா, அந்தப் பக்கத்த செராக்ஸ் எடுத்து செயலாளர் அண்ணா வீட்ல குடுத்திடறேன்.

இந்த வருஷமும் அதே வேலில, நாலாவது கம்பத்துக்கும் அஞ்சாவது கம்பத்துக்கும் நடுவுல, என் இடுப்பு உயரத்துல கூடு இருக்கு. சின்னக் கிண்ணம் மாதிரி, வேரும் நாரும் வச்சு பின்னி, வெளிய ஒரு துண்டு பால் கவர் சொருகிருக்கு. நேத்து குருவி எந்திரிச்சு போன நேரம் தள்ளி நின்னு மாமாவோட பைனாகுலர்ல பாத்தோம். மூணு முட்டை, வெளிறின ரோஸ் கலர்ல செவப்பு புள்ளி. பொரிய 12 நாள் பக்கம் ஆகும், குஞ்சு கூட்ட விட்டு வெளிய வர இன்னொரு 12 நாள். அது வரைக்கும் அந்தப் பக்கம் ஆள் வர வேண்டாம், சனிக்கிழமை முன்பக்கத்த மட்டும் பண்ணிக்கலாம்னு மெஷின்காரருக்கு இன்னைக்கே ஒரு போன் போட்டு சொல்லிருங்க.

இப்படிக்கு,
கடைசி வரிசை வீட்ல இருந்து நாங்க நாலு பேரும்