கிளைக் கணினி பேசாத ஒன்பது நாட்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதியடைந்தேன். புதிய வேலையில் நாற்பது கிளைகளின் கணினிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதும் மகிழ்ச்சி. கிளைக் கணினிகள் தாமாகவே தங்கள் நிலையை மையச் சர்வருக்கு அனுப்பும் முறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் அண்மையில் நான் பட்ட பாடு உனக்கு நேரக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உன் கிளைகள் பலவும் மொபைல் இணைப்பில் இயங்குவதாக எழுதியிருந்தாய். அத்தகைய இணைப்பில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து ஒரு கிளைக் கணினியை நேராகத் தொட வழியில்லை. நேகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் என்.ஆர்.பி.இ. முறையைப் பயன்படுத்தினால், மையச் சர்வர் ஒவ்வொரு கணினியின் 5666 போர்ட்டுக்கும், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாசலுக்கும், போய் நிலையைக் கேட்டு வர வேண்டும். அது உனக்கு ஒத்துவராது. கிளையே விடையை அனுப்பும் என்.எஸ்.சி.ஏ. முறையில் மையத்தில் மட்டும் 5667 போர்ட் திறந்திருந்தால் போதும். கிளையில் ஒரு ஸ்கிரிப்ட், வேலைகளை நேரப்படி தொடங்கிவைக்கும் கிரான் என்ற நிரல் வழியாகக் குறித்த நேரத்தில் ஓடி, சோதனையைச் செய்து, விடையை அனுப்பிவிடும்.

அனுப்புவது ஒரே ஒரு வரிதான்: கணினியின் பெயர், சோதனையின் பெயர், ஓர் எண், பிறகு ஒரு சிறு விளக்கம். எண் 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் நிலை தெரியவில்லை. இந்த நான்கையும் பிரிப்பது டேப் எழுத்து. ஸ்கிரிப்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து நகலெடுத்து ஒட்டியபோது டேப்கள் வெற்றிடங்களாக மாறிப்போய், ஒரு மாலை முழுவதும் எனக்கு வீணானது. சோதனையின் பெயரும் மையத்தில் எழுதியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நேகியோஸ் தன் லாக்கில், அதாவது நிகழ்வுப் பதிவேட்டில், ஒரு வரி எழுதிவிட்டு விடையைத் தள்ளிவிடும்.

இனி என் கதைக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் மையத்தில் என்.எஸ்.சி.ஏ.வின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, எல்லாக் கிளைகளிலும் புதியதை ஏற்றினேன். அன்று மின்சாரம் இல்லாத ஒரு கிளை மட்டும் விடுபட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை. ஒன்பது நாட்கள் கழித்து அந்தக் கிளையிலிருந்து, பில் போட முடியவில்லை என்று தொலைபேசி வந்தது. வட்டு முழுவதும் நிரம்பியிருந்தது; அதற்கு முந்தைய நான்கு இரவுகளாகப் பேக்கப்பும் எடுக்கப்படவில்லை. மையத்தின் திரையிலோ அந்தக் கிளையின் எல்லாச் சோதனைகளும் பச்சையாகவே இருந்தன. கடைசியாக வந்த நல்ல விடையை, வேறு விடை வராததால், நேகியோஸ் அப்படியே வைத்திருந்தது.

கிளைக் கணினியின் லாக்கைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே மனம் கலங்கியது. ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை, ஒரு தரவுப் பொட்டலம் வெற்றிகரமாக அனுப்பப்பட்டது என்று அங்கே வரிவரியாகப் பதிவாகியிருந்தது. அனுப்பும் நிரலுக்குப் பொட்டலத்தை எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடுகிறது. மையம் அதை ஏற்றதா என்று சொல்லும் மறுமொழி இந்த முறையில் கிடையாது. மையத்தின் லாக்கில் மட்டும், சி.ஆர்.சி. (தரவு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை, கடவுச்சொல்லோ குறியாக்க முறையோ தவறாக இருக்கலாம் என்ற வரி ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

ஆகவே உன்னிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: கிளை தானே அனுப்பும் முறையில், விடை வராமல் இருப்பதையே ஒரு கெட்ட விடையாக எடுத்துக்கொள்ள மையத்துக்குச் சொல்லிக்கொடுக்காமல் ஒரு சோதனையைக்கூடச் சேர்க்காதே. நேகியோஸில் அதற்கு ஃப்ரெஷ்னஸ் என்ற அமைப்பு உண்டு. குறித்த விநாடிகளுக்குள் புதிய விடை வராவிட்டால், அந்தச் சோதனைக்கென்று எழுதிவைத்திருக்கும் கட்டளையை அதுவே ஓட்டும். அந்தக் கட்டளையாக கொடுத்த எண்ணையே விடையாகத் திருப்பித் தரும் செக் டம்மி என்ற சிறு நிரலை 2 என்ற எண்ணோடு வைத்துவிட்டால், உடனே சிவப்பு விழுந்து உனக்குச் செய்தியும் வரும். நாளுக்கு ஒரு முறை ஓடும் பேக்கப்புக்கு 24 மணி நேரம் என்று சரியாக வைக்காதே. ஒருநாள் சற்று நீண்டு ஓடினாலும் பொய் எச்சரிக்கை வரும். நான் 26 மணி நேரம், அதாவது 93,600 விநாடிகள் வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடச் சோதனைகளுக்கு 900 விநாடிகள்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு கிளையில் இணையம் போனால் அதன் எல்லாச் சோதனைகளும் சேர்ந்தே சிவப்பாகி, நள்ளிரவில் இருபது செய்திகள் வந்து குவியும். அதனால் ஒவ்வொரு கிளைக்கும் கிளையிலிருந்து விடை வந்துகொண்டிருக்கிறதா என்று மட்டும் காட்டும் 'நாடி' என்ற ஒரு சோதனையை வைத்து, மற்றவை அதைச் சார்ந்திருக்குமாறு எழுதினேன். நாடி நின்றால் ஒரே ஒரு செய்திதான் வரும். மையச் சர்வரே நின்றுபோனால் எல்லாமே அமைதியாகிவிடும் என்பதால், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேறோர் இடத்தில் ஒரு சிறு கணினியையும் வைத்திருக்கிறேன்.

அனுப்பும் விடையை மறைக்கும் குறியாக்கத்தில் எக்ஸ்ஓஆர் என்ற எளிய முறை வேண்டாம். அது வெறும் திரைச்சீலை. வலுவான ஏ.இ.எஸ். முறையைத் தேர்ந்தெடு, கிளையிலும் மையத்திலும் குறியாக்க முறைக்கு ஒரே எண் இருக்கிறதா என்று பார்.

உன் கிளைகளில் பேக்கப் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, வழக்கமாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை எழுதி அனுப்பு. முதல் கிளைக்கான அமைப்புக் கோப்பை நானே எழுதித் தருகிறேன். அதை ஏற்றியதும் கிரானை நிறுத்திவிட்டு, எத்தனை நிமிடத்தில் சிவப்பு விழுகிறது என்று பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்